பசுமை இல்ல வாயுக் குறைப்பும் உடல்நலமும்: முத்துப்பேட்டை வட்டார வரலாறு

முன்னுரை

கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு முதலிய பசுமை இல்ல வாயுக்களின் வெளியேற்றத்தைக் குறைத்தால் புவி வெப்பமடைதல் மட்டுப்படும் என்பது பலரும் அறிந்த செய்தி. அதே செயல் மக்களின் உடல்நலத்தையும் காக்கும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இவ்விரு பயன்களுக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஓர் ஊர் தன் புகையைக் குறைத்தால் கிடைக்கும் காலநிலைப் பயன் உலகம் முழுவதற்கும் பங்காகிறது. அது கண்ணுக்குத் தெரியப் பல பத்தாண்டுகள் ஆகலாம். உடல்நலப் பயனோ பெரும்பாலும் புகையைக் குறைத்தவருக்கே, அவர் ஊரிலேயே, சில ஆண்டுகளுக்குள் கிடைக்கக்கூடியது. இதனை இணைப்பயன் என்று அறிஞர்கள் குறிப்பிடுகின்றனர்.

2009-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழ் இப்பொருள் குறித்து ஒரு கட்டுரைத் தொடரை வெளியிட்டது. இந்தியாவில் பத்து ஆண்டுகளில் 15 கோடி புகை குறைந்த அடுப்புகளை வழங்கினால் ஏறத்தாழ 20 இலட்சம் அகால மரணங்களைத் தவிர்க்கலாம் என்று அத்தொடரின் ஒரு கட்டுரை மதிப்பிட்டது. அது ஒரு கணிப்பு. அத்தகைய கணிப்புகள் நடைமுறையில் எவ்வளவு பலிக்கின்றன, எங்கே தடைபடுகின்றன என்பதை அறிய ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தின் வரலாறு உதவும். காவிரிக் கழிமுகத்தின் தென்கோடியிலுள்ள முத்துப்பேட்டையும் அதன் அண்டைப் பகுதிகளும் அதற்கு ஏற்ற களமாகும்.

இடம்

முத்துப்பேட்டை திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பேரூராட்சி. 1997-இல் திருவாரூர் தனி மாவட்டமாவதற்கு முன்பு நாகப்பட்டினம் மாவட்டத்திலும், அதற்கும் முன்பு பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலும் இருந்தது. கோரையாறு, பாமணியாறு, வளவனாறு போன்ற காவிரியின் கிளைகளும் வடிகால்களும் இதன் அருகே கடலைச் சேர்கின்றன. மேட்டூரில் திறக்கும் நீர் கடைசியாக வந்து சேரும் பகுதி என்பதால் இது கடைமடை எனப்படுகிறது. ஊருக்குத் தெற்கே கடற்கரைக் காயலைச் சூழ்ந்து அலையாத்திக் காடு பரந்துள்ளது.

உடல்நலத்துக்கும் காலநிலைக்கும் ஒருங்கே தொடர்புடைய மூன்று இடங்கள் இங்கே அருகருகே உள்ளன. முதலாவது, கரிமத்தைச் சேமித்து வைத்திருக்கும் காடு. இரண்டாவது, மீத்தேனை வெளியிடும் நெல்வயல். மூன்றாவது, கரித்துகளையும் கரியமில வாயுவையும் வெளியிடும் விறகடுப்பு. இம்மூன்றின் வரலாறுகளும் ஒன்றோடொன்று பின்னியவை.

விறகான காடு

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1912 வரை முத்துப்பேட்டை அலையாத்திக் காடு சத்திரங்களின் நிர்வாகத் துறையின் பொறுப்பில் இருந்தது. தஞ்சை மராத்திய மன்னர்கள் வழிப்போக்கருக்கு உணவும் தங்கிடமும் அளிக்கப் பல சத்திரங்களைக் கட்டியிருந்தனர். காட்டிலிருந்து கிடைத்த வருவாய் அச்சத்திரங்களின் பராமரிப்புக்குப் பயன்பட்டது. அதாவது, அன்னதானச் செலவில் ஒரு பகுதியை அலையாத்தி மரங்களே ஏற்றன. 1937-இல் சென்னை மாகாண அரசு 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டத்தின்கீழ் இக்காட்டைக் கொண்டுவந்தது. பின்னர் அது வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது.

காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் உள்ள மரங்களை முழுவதுமாக வெட்டியெடுக்கும் முறை அக்காலத்தில் பின்பற்றப்பட்டது. வெட்டிய இடம் தானாகத் தழைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் நிழல் போனதும் சேற்றுமண் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. பள்ளங்களில் தேங்கிய கடல்நீர் ஆவியாகி, உப்பு மட்டும் மிஞ்சியது. அந்த உவர்ப்பில் அலையாத்தி விதைகள்கூட முளைக்கவில்லை. பல இடங்கள் வெற்றுப் பொட்டல்களாயின.

இதில் இரண்டு வகை இழப்புகள் உள்ளன. அலையாத்திக் காடுகள் மரத்தில் மட்டுமன்றி, காற்றுப் புகாத ஈரச் சேற்றிலும் பெருமளவு கரிமத்தை நூற்றாண்டுக் கணக்கில் சேமித்து வைப்பவை. காடு அழிந்து சேறு காய்ந்தால் அச்சேமிப்பு கரியமில வாயுவாக வெளியேறுகிறது. இரண்டாவதாக, வெட்டிய மரம் விறகாக எரிந்து அடுப்பங்கரைப் புகையாகிறது.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் வனத்துறையுடனும் கரையோரக் கிராம மக்களுடனும் சேர்ந்து இக்காட்டை மீட்கும் பணியில் ஈடுபட்டது. மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஓதநீர் அவற்றின் வழியே ஏறி இறங்கியபோது தேங்கிய உப்பு கழுவப்பட்டது. கால்வாய்க் கரைகளில் கன்றுகள் நடப்பட்டன. காடு அழிந்ததற்கு மக்கள் விறகு வெட்டியது மட்டுமே காரணம் என்ற பழைய கருத்தை இப்பணி திருத்தியது. நீரோட்டம் தடைபட்டதே அடிப்படைக் காரணம் என்பது தெளிவாயிற்று.

காட்டினால் மக்களுக்குக் கிடைக்கும் நேரடிப் பாதுகாப்பு புயல்களின்போது தெரிகிறது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் இவ்வட்டாரத்தின் தென்னந்தோப்புகளையும் குடியிருப்புகளையும் சூறையாடியது. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அலையாத்தி மரங்களும் பெருமளவில் முறிந்தன. அலையின் வேகத்தைத் தணிக்கும் காட்டுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அப்புயல் உணர்த்தியது. கடல் வெப்பம் கூடக்கூடப் புயல்கள் கடுமையாகும் நிலையில், காட்டைக் காப்பதோடு வெப்பமடைதலைக் குறைப்பதும் தேவையாகிறது.

பட்டுக்கோட்டையில் பரவிய காய்ச்சல்

முத்துப்பேட்டைக்கு மேற்கே உள்ள பட்டுக்கோட்டையின் வரலாறு நெல்வயலையும் நோயையும் இணைக்கிறது. 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அத்திட்டத்தின் பகுதியாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் அதுவரை வானம் பார்த்த பூமியாக இருந்த பட்டுக்கோட்டை வட்டாரத்துக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்தது. புன்செய் நிலம் நன்செய் ஆயிற்று. அதனுடன் மலேரியாவும் வந்தது.

ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த மலேரியா ஆய்வாளர் பால் ரஸ்ஸல் 1930-களின் பிற்பகுதியில் இங்கே இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து பணியாற்றினார். நோய்க்குக் காரணம் பாசனம் என்பதைவிட, குறைபாடுள்ள, ஒழுங்கற்ற பாசனம் என்றே அவர் எழுதினார். கசிவு நீர்க் குட்டைகள், மண் தோண்டிய பள்ளங்கள், பராமரிப்பற்ற வாய்க்கால்கள், வடிகாலில்லாத வயல்கள் ஆகியவற்றில் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் கொசு பெருகியது. நெற்பயிர் இளம் பருவத்தில் இருக்கும்போதே இக்கொசு வயலில் மிகுதியாக முட்டையிட்டது. பயிர் வளர்ந்து நெருங்கியதும் அது குறைந்தது.

இதன் அடிப்படையில் வயலில் இடைவிடாமல் நீரைத் தேக்காமல், சில நாள் நீர் கட்டி, சில நாள் காயவிடும் முறை சோதிக்கப்பட்டது. கொசுப்புழு முழுக் கொசுவாவதற்குள் அது வாழும் நீர் வற்றிவிட வேண்டும் என்பதே இதன் தத்துவம். இவ்வாய்வின் முடிவுகள் 1942-இல் இந்திய மலேரியா நிறுவனத்தின் இதழில் வெளிவந்தன. உழவர் பேச்சில் இவ்வாறு நீர் கட்டுவதைக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பர். வயலுக்குக் காய்ச்சல் கொடுத்து மனிதரின் காய்ச்சலைத் தடுக்கும் முயற்சி அது என்று சொல்லலாம்.

ஆனால் இம்முறை பரவலாகவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. மருந்து வந்தது. 1953-இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீட்டுச் சுவரில் மருந்து தெளிப்பது வயல்தோறும் நீரை ஒழுங்குபடுத்துவதைவிட எளிதாக இருந்தது. நீர் மேலாண்மை பின்னுக்குத் தள்ளப்பட்டது. பிற்காலத்தில் கொசுக்கள் டி.டி.டி.யை எதிர்க்கும் திறன் பெற்றபோது பழைய வழி மீண்டும் நினைவுக்கு வந்தது. மூளைக்காய்ச்சலைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுக்களும் நெல்வயலில் வளர்பவை. அவற்றைக் கட்டுப்படுத்த மதுரையிலுள்ள மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் விட்டுவிட்டுப் பாய்ச்சும் முறையைத் தென்னிந்திய வயல்களில் ஆராய்ந்து, அதன் வாய்ப்புகளையும் சிக்கல்களையும் 1995-இல் வெளியிட்டனர்.

அதே வயல், மற்றொரு காரணம்

பட்டுக்கோட்டை ஆய்வு நடந்த காலத்தில் நெல்வயல் வாயுவைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. இன்று அதே முறை காலநிலைக் காரணத்துக்காகப் பரிந்துரைக்கப்படுகிறது. வயலில் நீர் தேங்கி நிற்கும்போது சேற்றுக்குள் உயிர்வளி புகுவதில்லை. அச்சூழலில் வாழும் நுண்ணுயிரிகள் வைக்கோல், வேர் முதலிய மட்கும் பொருள்களிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. அது பெரும்பாலும் நெற்பயிரின் தண்டு வழியாகவே காற்றை அடைகிறது. வயலை இடையிடையே காயவிட்டால் மண்ணுக்குள் காற்று புகுந்து இந்நுண்ணுயிரிகளின் செயல் தடைபடுகிறது. மீத்தேன் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைகிறது. தமிழ்நாட்டில் பரப்பப்பட்டுவரும் செம்மை நெல் சாகுபடியும் குறைந்த நீரில் மண்ணைக் காயவிட்டுப் பயிரிடுவதை ஒரு கூறாகக் கொண்டது.

மீத்தேன் மூச்சுக்கு நேரடி நஞ்சன்று. எனினும் அது வளிமண்டலத்தில் ஏறத்தாழ 12 ஆண்டுகள் தங்கி, வேதிமாற்றங்களின் மூலம் தரைமட்ட ஓசோன் உருவாவதற்குத் துணை செய்கிறது. இந்த ஓசோன் நுரையீரலைத் தாக்குவதோடு பயிர் விளைச்சலையும் குறைக்கிறது. உலகளவில் மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனை இப்பத்தாண்டுக்குள் 45 விழுக்காடு குறைத்தால் ஆண்டுதோறும் சுமார் 2,60,000 அகால மரணங்களைத் தவிர்க்கலாம் என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2021-ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. அதே ஆண்டு தொடங்கப்பட்ட உலக மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா இணையவில்லை. சிறு உழவர்களின் வாழ்வாதாரமான நெல்லும் கால்நடையும் இதில் அடங்கியிருப்பது இந்தியாவின் தயக்கத்துக்கு ஒரு காரணம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஓசோன் காற்றில் நெடுந்தொலைவு பரவக்கூடியது. ஆதலால் முத்துப்பேட்டை உழவர் குறைக்கும் மீத்தேனின் நலப்பயன் முத்துப்பேட்டையில் மட்டும் தங்காது. கொசு குறைவதன் பயனோ அந்த ஊருக்கே உரியது. மேலும், வயலை அடிக்கடி காயவிட்டால் உரத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கூடுதலாக வெளியேறலாம். எனவே தழைச்சத்து உரத்தை அளவோடு இடுவதும் இம்முறையின் ஒரு பகுதியாக வேண்டும்.

கடைமடையில் மற்றொரு சிக்கலும் உண்டு. முறை வைத்து நீர் விடும் காலங்களில் அடுத்த முறை எப்போது வரும் என்ற உறுதி இல்லாவிட்டால், கிடைத்த நீரை வயலில் கட்டி வைப்பதே உழவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். வயலுக்கு வயல் நீர் பாயும் இடங்களில் ஒருவர் மட்டும் தம் வயலைக் காயவிட இயலாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்துச் சம்பா வயலில் நீரை வடிப்பதே பெரும்பாடு. ஆகவே காய்ச்சலும் பாய்ச்சலும் வெற்றி பெறுவது தனி உழவரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. நம்பகமான நீர் வரத்தும், தூர்வாரிய வாய்க்காலும், ஒழுங்கான வடிகாலும் அதற்கு முன்தேவைகள். 1930-களில் ரஸ்ஸல் சுட்டிய குறைகளும் இவற்றைப் பற்றியவையே.

அடுப்பங்கரைப் புகை

கழிமுகக் கிராமங்களில் விறகு, தென்னை மட்டை, பாளை, வறட்டி, சீமைக்கருவேல முள் ஆகியவை நெடுங்காலம் எரிபொருளாக இருந்தன. களிமண் அடுப்பில் இவை அரைகுறையாக எரியும்போது நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் கரித்துகளும் வெளியாகின்றன. ஊதுகுழலுடன் அடுப்பின் முன் அமரும் பெண்களும் அவர்கள் அருகிலிருக்கும் குழந்தைகளும் இப்புகையை மிகுதியாகச் சுவாசிக்கின்றனர். 2020-ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகை மாசினால் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இப்புகையை அளந்து பார்க்கும் முயற்சிகளில் இந்தியா முன்னோடியாகும். கிர்க் ஸ்மித்தும் அவருடைய இந்தியக் கூட்டாளிகளும் 1981-இல் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் துகளின் அளவைக் கணக்கிட்டனர். சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் பின்னர் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் இத்தகைய அளவீடுகளை விரிவாக மேற்கொண்டனர்.

அரசுகள் எடுத்த முதல் வழி அடுப்பைத் திருத்துவது. 1980-களில் தேசிய அளவில் புகைபோக்கி வைத்த அடுப்புகள் பரப்பப்பட்டன. அவற்றுள் பல பழுதடைந்து கைவிடப்பட்டன. இரண்டாவது வழி எரிபொருளை மாற்றுவது. தமிழ்நாட்டில் 2006 சட்டமன்றத் தேர்தல் வாக்குறுதியைத் தொடர்ந்து இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கியது. 2019-21 காலத்தில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தூய எரிபொருளில் சமைக்கும் குடும்பங்கள் இந்தியாவில் 58.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் ஐந்தில் நான்குக்கும் மேல்.

நாகப்பட்டினத்திலும் நடந்த சோதனை

விறகை விட்டு எரிவாயுவுக்கு மாறினால் உடல்நலம் எவ்வளவு மேம்படும் என்பதை நேரடியாகச் சோதித்த பெரும் ஆய்வு 'ஹாப்பின்' எனப்படுகிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிப் பெண்கள் இதில் சேர்க்கப்பட்டனர். இந்தியப் பகுதி தமிழ்நாட்டில், விழுப்புரம், நாகப்பட்டினம் வட்டாரங்களில், ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் மூலம் நடைபெற்றது. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட பெண்களில் ஒரு குழுவினருக்கு எரிவாயு அடுப்பும் 18 மாதங்களுக்கான எரிவாயுவும் இலவசமாக வழங்கப்பட்டன. மற்றக் குழுவினர் வழக்கம்போல் விறகில் சமைத்தனர்.

புகை குறைந்ததில் ஐயமில்லை. கர்ப்ப காலத்தில் பெண்கள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு, விறகுக் குழுவில் கன மீட்டருக்கு 70.7 மைக்ரோகிராம், எரிவாயுக் குழுவில் 23.9. அதாவது மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஆனால் 2022-இல் வெளியான முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. இரு குழுக்களின் குழந்தைகளுக்கும் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2024-இல் வெளியான முடிவிலும், குழந்தைகளின் கடும் நிமோனியாவில் தெளிவான குறைவு இல்லை.

இதனால் எரிவாயு பயனற்றது என்று முடிவுகட்டுவது தவறு. பெண்கள் ஆய்வில் சேர்ந்தபோது கர்ப்பத்தின் முதல் வாரங்கள் கடந்துவிட்டன. 23.9 என்பதும் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரிக்கு 2021-இல் வகுத்த 5 மைக்ரோகிராம் வரம்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. அண்டை வீட்டு அடுப்பு, குப்பை எரிப்பு, சாலைப் புகை ஆகியவை ஒரு வீட்டின் வாசலோடு நின்றுவிடுவதில்லை. மேலும், லான்செட் கட்டுரை கணித்த மரணத் தவிர்ப்பில் பெரும்பகுதி பெரியவர்களுக்கு வரும் இதயநோய், நாட்பட்ட நுரையீரல் நோய் ஆகியவற்றைச் சார்ந்தது. அந்நோய்கள் பல ஆண்டுகளில் உருவாகுபவை; 18 மாத ஆய்வில் அவற்றின் முழு விளைவு வெளிப்படாது.

எனினும் இம்முடிவு ஒரு பாடத்தைத் தருகிறது. ஒரு வீட்டுக்கு அடுப்பு கொடுத்ததை மட்டும் எண்ணி, தவிர்த்த மரணங்களைக் கணக்கிட முடியாது. ஊர் முழுவதும் புகை குறைந்ததா, சிலிண்டர் தீர்ந்ததும் விறகுக்குத் திரும்பினரா என்பதையும் பார்க்க வேண்டும். நிரப்பிய சிலிண்டரின் விலை கூலிக் குடும்பத்துக்கு எட்டாதபோது அடுப்பு மட்டும் மூலையில் இருக்கும்.

எரிவாயுவும் பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பதே. அது எரியும்போதும் கரியமில வாயு வெளியாகிறது. விறகின் கரித்துகளையும், மீளத் தழைக்காமல் வெட்டப்படும் மரத்தையும் கணக்கில் சேர்த்தால் எரிவாயுவின் காலநிலைச் சுமை விறகைவிடப் பெரிதாகாது. ஆனால் அது இறுதித் தீர்வன்று. அடுத்த படி மின்சார அடுப்பு என்றால், அம்மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற வினா எழும். நெய்வேலி நிலக்கரியை எரித்து வரும் மின்சாரம் முத்துப்பேட்டை அடுப்பங்கரையின் புகையை வேறோர் ஊருக்கு இடம் மாற்றுவதாகவே அமையும். காற்றாலையும் சூரிய ஒளியும் தரும் மின்சாரமே இரு ஊர்களின் காற்றையும் தூய்மையாக்கும்.

முடிவுரை

காடு, வயல், அடுப்பு என்னும் மூன்றின் வரலாறும் ஒன்றையே வெவ்வேறு வகையில் கூறுகின்றன. வாயு வெளியேற்றத்தைக் குறைக்கும் செயல்கள் உடல்நலத்தையும் காக்கும் ஆற்றல் பெற்றவை. ஆனால் அப்பயன் தானாக வந்து சேர்வதில்லை. கன்று நட்டால் மட்டும் காடு மீளவில்லை. ஓதநீர் ஓடக் கால்வாய் வேண்டியிருந்தது. காயவிடும் முறையை அறிந்தால் மட்டும் கொசு ஒழியவில்லை. வடிகாலும் ஊர் ஒற்றுமையும் வேண்டியிருந்தன. அடுப்பை மாற்றினால் மட்டும் குழந்தையின் எடை கூடவில்லை. சுற்றுப்புறக் காற்று முழுவதும் தூய்மையாக வேண்டியிருக்கிறது.

இச்செயல்களின் சுமையை ஏற்பவர்கள் கடைமடை உழவரும், அடுப்பின் முன் நிற்கும் பெண்களும், கரையோர மீனவரும் ஆவர். புவி வெப்பமடைதலில் இவர்களின் பங்கு மிகச் சிறிது. ஆகவே இவர்களிடம் உலக நன்மையை மட்டும் சொல்லி மாற்றத்தைக் கோருவது நியாயமாகாது. தூய காற்றும் நோயற்ற வயலும் புயல் தாங்கும் கரையும் அவர்கள் ஊரிலேயே அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அவை கிடைத்தனவா என்று அளந்து பார்ப்பதும் திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.